டிராக்ஷன் விளக்கு எரிகிறது, வண்டி இழுக்கவில்லை: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

போன மழைக்காலத்தில் தாம்பரம்–மதுரவாயல் பைபாஸில், போரூருக்குச் சற்று முன்னால், என் பெட்ரோல் வண்டி திடீரென்று சோர்ந்துபோனது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் நாற்பதைத் தாண்டவில்லை. மீட்டரில் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு, பக்கத்திலேயே இன்ஜின் விளக்கு. முதலில் போன பட்டறையில் சறுக்கும் கார் விளக்கை மட்டும் பார்த்துவிட்டு பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸின் மாட்யூலை (கட்டுப்பாட்டுப் பெட்டியை) மாற்ற வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். கடைசியில் பார்த்தால் கெட்டுப்போயிருந்தது பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரே ஒரு இக்னிஷன் காயில்.

அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பிலும் நண்பர்களிடமும் இதே தொல்லையோடு நின்ற ஏழெட்டு வண்டிகளைப் பார்த்துவிட்டேன். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான். எந்த விளக்கு எரிகிறதோ, அந்தப் பெயருள்ள பாகத்தின் மேல் சந்தேகம் போகிறது.

டிராக்ஷன் கன்ட்ரோல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தச் சந்தேகம் போய்விடும். ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றால் அது அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். கூடவே, பவரைக் குறைக்கச் சொல்லி இன்ஜின் கம்ப்யூட்டரிடம் கேட்கும். இன்ஜினிலேயே கோளாறு இருந்தால், நீ கேட்பதை இப்போது செய்ய முடியாது என்று பதில் வரும். உடனே டிராக்ஷன் கன்ட்ரோல் கடையைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடும். இன்ஜின் கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு, மேலும் சேதம் வராமல் இருக்கப் பவரை ஒரு எல்லைக்குள் பிடித்து வைக்கும். இதைத்தான் லிம்ப் மோட் என்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் ஆர்பிஎம் 2500, 3000-க்கு மேல் ஏறாது.

கீழே இருக்கும் வரிசை இந்தக் கணக்கில்தான் போகிறது. இன்ஜின் முதலில், சக்கரம் அப்புறம்.

1. விளக்கைச் சரியாகப் படியுங்கள்

சறுக்கும் கார் விளக்கு மூன்று விதமாக எரியும். மூன்றுக்கும் பொருள் வேறு.

மழையில் மேம்பாலம் ஏறும்போதோ மணலில் கிளம்பும்போதோ சில நொடி மின்னி அணைந்தால், அது கோளாறே இல்லை. வேலை செய்கிறேன் என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

படத்துக்குக் கீழே ‘ஆஃப்’ என்ற எழுத்தோடு நிலையாக எரிந்தால், யாரோ டேஷ்போர்டில் இருக்கும் பொத்தானை அழுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். சிரிக்காதீர்கள். நான் பார்த்த வண்டிகளில் ஒன்றில் குழந்தை அழுத்திய பொத்தான்தான் மொத்தப் பிரச்சினையும். வண்டி இழுக்கவில்லை என்று அதன் சொந்தக்காரர் சொன்னது ஏசியைப் போட்டுக்கொண்டு ஐந்து பேரோடு மேம்பாலம் ஏறியதால்.

எழுத்து இல்லாமல் நிலையாக எரிந்து, பிக்கப்பும் போயிருந்தால்தான் இந்த வழிகாட்டி உங்களுக்கு. அப்போது பக்கத்தில் வேறு எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள். இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கோளாறு இன்ஜின் பக்கம் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஏபிஎஸ் விளக்கு மட்டும் சேர்ந்து எரிந்தால் சக்கரப் பக்கம். பேட்டரி விளக்கு எரிந்தால் நேராக 5-ஆம் படிக்குப் போங்கள்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. காய்ந்த சாலையில், வண்டி மெதுவாக நிற்கப் போகும்போதோ திரும்பும்போதோ விளக்கு மின்னி, ஒரு நொடி பவர் கட்டாகித் திரும்ப வந்தால், அது லிம்ப் மோட் இல்லை. ஏதோ ஒரு சக்கரத்தின் வேகம் தவறாகப் போகிறது. வழுக்காத சக்கரம் வழுக்குவதாக நினைத்து டிராக்ஷன் கன்ட்ரோல் தானாகவே பவரைக் குறைக்கிறது. அப்படியானால் 9-ஆம் படி.

2. சாலையில் நிற்கும் அந்தப் பத்து நிமிடம்

பவர் போனதும் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தாதீர்கள். பயனில்லை. நான்கு இண்டிகேட்டரையும் போட்டு இடது ஓரத்துக்கு வாருங்கள். லிம்ப் மோடில் அதற்கு வேண்டிய பவர் இருக்கும். மேம்பாலத்தின் மேலே நிற்பதைவிட மெதுவாக உருட்டி இறக்கி நிறுத்துவது மேல். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-க்கு அழைக்கலாம்.

இன்ஜினை அணைப்பதற்கு முன்னால் மீட்டரைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் பத்தில் ஒன்பது பேர் செய்வதில்லை. அணைத்துப் போட்டதும் சில விளக்குகள் காணாமல் போய்விடும். அப்புறம் எத்தனை விளக்கு எரிந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இன்ஜின் விளக்கு நிலையாக இல்லாமல் விட்டுவிட்டு மின்னுகிறதா? வண்டி குலுங்குகிறதா? அப்படியானால் எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. வீடு பக்கம்தானே என்று ஓட்டாதீர்கள். காயிலுக்குச் சில ஆயிரம், கன்வர்ட்டருக்கு அதைப்போல் பல மடங்கு. சிவப்பு ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ எரிந்தாலும் உடனே அணைத்துவிட வேண்டியதுதான்.

இவை எதுவும் இல்லையென்றால், படம் எடுத்த பிறகு இன்ஜினை அணைத்து, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். பல வண்டிகள் லிம்ப் மோடிலிருந்து வெளியே வந்துவிடும். வீடு போய்ச் சேர அது போதும். சரியாகிவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

தேங்கிய தண்ணீருக்குள் நின்றுபோன வண்டிக்கு இது பொருந்தாது. அதை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராட் வளையும். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

3. கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஒரு ஓபிடி புளூடூத் ஸ்கேனர், அதற்கான செயலி உள்ள போன், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பத்து எம்எம் ஸ்பேனரும் ஸாக்கெட்டும், டார்ச், எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர். அவ்வளவுதான்.

ஸ்கேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மலிவான ஸ்கேனர்கள் இன்ஜின் கம்ப்யூட்டரிடம் மட்டும்தான் பேசும். ஏபிஎஸ், டிராக்ஷன் மாட்யூலின் கோடுகளை (கோளாறைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ‘code’) அவை காட்டாது. ‘கோடு எதுவும் இல்லை’ என்று வந்தால், இன்ஜின் பக்கம் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே உங்கள் வண்டி மாடலின் ஏபிஎஸ்ஸைப் படிக்குமா என்று கேட்டு வாங்கினால் பிறகு இன்னொன்று வாங்க வேண்டியிருக்காது.

கூடவே ஒரு நோட்டும் பேனாவும். எந்த வேகத்தில், எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, மழையா வெயிலா, முந்தின நாள் வாட்டர் சர்வீஸ் விட்டீர்களா, அலைன்மென்ட் பார்த்தீர்களா, பேட்டரி மாற்றினீர்களா என்று எழுதுங்கள். ‘அதற்கு முன்னால் வண்டியில் யார் கை வைத்தார்கள்’ என்ற கேள்வியே பாதிக் கோளாறுகளுக்கு விடை சொல்லிவிடும்.

4. கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

ஓபிடி சாக்கெட் பதினாறு முனை கொண்டது. டிரைவர் பக்கம், ஸ்டியரிங்குக்குக் கீழே டேஷ்போர்டின் அடியில் இருக்கும். தேடும்போது மஞ்சள் நிற கனெக்டர்களில் கை வைக்காதீர்கள். அவை பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகிறவை.

சாவியை ஆன் நிலையில் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரை இணையுங்கள். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டியானால் பிரேக்கை மிதிக்காமல் இருமுறை அழுத்தினால் பெரும்பாலும் அந்த நிலை வரும்.

உறுதியான கோடு, இன்னும் உறுதியாகாத நிலுவைக் கோடு இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பகுதியைத் திறந்து அதையும் படம் எடுங்கள். கோளாறு வந்த அந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு, லோடு எவ்வளவு என்று அதில் பதிந்திருக்கும். கோடுகளை அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். ‘பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்’ என்று தெருவில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள் என்பது இதனால்தான். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்குள் கூட்டிப் பெருக்கிவிடுவது போன்ற வேலை அது.

கோடின் முதல் எழுத்து எந்தப் பக்கம் என்று சொல்லும். ‘பி’ என்றால் இன்ஜின், கியர். ‘சி’ என்றால் பிரேக், ஸ்டியரிங், சக்கரம். ‘யு’ என்றால் கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது.

‘பி’, ‘சி’ இரண்டும் சேர்ந்து வந்தால் ‘பி’யை முதலில் தீருங்கள். இன்ஜின் கோளாறு தீர்ந்ததும் ‘சி’ கோடு திரும்ப வருவதில்லை என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘யு’ கோடுகள் கொத்தாக வந்தால், உதாரணமாக யு0100, யு0121 இரண்டும் சேர்ந்து வந்தால், ஒவ்வொரு மாட்யூலும் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மின்சாரம் சரியாகப் போகவில்லை என்று முதலில் சந்தேகியுங்கள்.

இன்னொன்று. கோடு சொல்வது எந்த மின்சுற்றில் கோளாறு என்பதை. எந்தப் பாகத்தை வாங்கு என்பதை அது சொல்வதில்லை. ‘சென்சார் சிக்னல் குறைவு’ என்று வந்தால் சென்சார், ஒயர், கனெக்டர், எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனையை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் ஒயர்) என நான்கில் எதுவும் இருக்கலாம்.

5. பேட்டரியும் எர்த்தும்

இது ஐந்து நிமிட வேலை. இதைத் தாண்டிக் குதித்துவிட்டு மற்றதைப் பார்த்தால் பின்னால் வரும் எந்த அளவையும் நம்ப முடியாது. மின்னழுத்தம் குறைந்தால் கம்ப்யூட்டர்கள் கன்னாபின்னாவென்று கோடு போடும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், பேட்டரியின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் அருகே இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி. ஸ்டார்ட் ஆகும் நொடியில் 9.6-க்குக் கீழே விழக்கூடாது. ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். புதிய சில வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்துத் தரும். ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுப் பார்த்தால் மேலே வந்துவிடும்.

சென்னை வெயிலில் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். மூன்று வருடம் தாண்டிய பேட்டரி என்றால் ஸ்டார்ட் ஆகிறதே என்று விட்டுவிடாமல் அளந்தே பாருங்கள்.

அப்புறம் எர்த். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மல்டிமீட்டரின் ஒரு குச்சி, இன்ஜினின் வெறும் உலோகத்தில் இன்னொரு குச்சி. வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் இருக்கும் எர்த் ஒயரில் துருவோ தளர்வோ இருக்கிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடலுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று இந்த இடத்தைத்தான் முதலில் அரிக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினால் போதும்.

பானெட்டைத் திறந்த கையோடு ஒயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் குடியிருப்புகளில் எலியும் பெருச்சாளியும் பெரிய பிரச்சினை. மழைக்காலத்தில் சூடான இன்ஜின் அவற்றுக்குச் சொகுசான படுக்கை. கடித்த ஒயர், புழுக்கை, தேங்காய் நார் எது கண்ணில் பட்டாலும் அங்கேயே நின்று அந்த ஒயரைத் தொடர்ந்து போங்கள்.

6. இன்ஜின் மிஸ்ஸாகிறதா

பெட்ரோல் வண்டியில் நான் அதிகம் பார்த்தது இது. பி0300 என்றால் பொதுவாக மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண்தான் சிலிண்டர். டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம் பெரும்பாலும் ஒன்றாம் சிலிண்டர். என்றாலும் உங்கள் வண்டிக்கு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பி0302 வந்ததும் இரண்டாம் சிலிண்டருக்குப் புதுக் காயில் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜின் ஆறட்டும். சாவியை எடுத்துவிடுங்கள். இரண்டாம் சிலிண்டர் காயிலையும் மூன்றாம் சிலிண்டர் காயிலையும் கழற்றி இடம் மாற்றி மாட்டுங்கள். பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பத்து எம்எம் போல்ட்தான். இப்போது கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி, ஏனென்றால் காயிலோடு கோளாறும் நகர்ந்திருக்கிறது. பி0302-விலேயே நின்றால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், அதன் ஒயர், பிறகு கம்ப்ரஷன். அந்தக் கட்டத்தில் பட்டறைக்குப் போய்விடலாம்.

ஒரே நேரத்தில் காயில், பிளக் இரண்டையும் இடம் மாற்றாதீர்கள். எது நகர்ந்து எது நின்றது என்றே தெரியாமல் போய்விடும். ஆர்வத்தில் எல்லோரும் செய்கிற தவறு, நானும் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது.

காயிலை வெளியே எடுத்ததும் பிளக் இருக்கும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் நிற்கிறதா? வாட்டர் சர்வீஸில் இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் அடித்தால் குழிக்குள் இறங்கும். தண்ணீர் இருந்தால் காற்றடித்து உலர்த்திய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். ஆயில் நின்றால் வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறது. காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் சில மாதத்தில் அதே கதிக்கு வரும்.

எல்லா சிலிண்டரும் மாறிமாறி மிஸ்ஸாகி, கூடவே பி0171 வந்தால், எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை. ஏர் ஃபில்டரிலிருந்து, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வரை இருக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்பு மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

7. த்ராட்டில், பெடல், பிரேக் சுவிட்ச்

இப்போது வரும் வண்டிகளில் ஆக்ஸிலரேட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார், த்ராட்டிலில் இரண்டு சென்சார். ஒவ்வொரு ஜோடியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, உடனே பவரைக் குறைத்துவிடும். பெடல் என்றால் பி2138, த்ராட்டில் என்றால் பி2135.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் நேரலை அளவுகளைத் திறந்து, பெடலை மிக மெதுவாக அழுத்துங்கள். இரண்டு எண்களும் சீராக ஏற வேண்டும். பல வண்டிகளில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்காக இருக்கும், அது இயல்பு. நடுவில் குதித்தாலோ அறுந்தாலோ முதலில் கனெக்டரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மாட்டிப் பாருங்கள். சாவி ஆஃபில் இருக்கும்போதுதான் எந்த கனெக்டரையும் கழற்ற வேண்டும். ஆனில் கழற்றினால் நீங்களே புதுக் கோடுகளை உண்டாக்குவீர்கள்.

த்ராட்டில் தட்டில் கரி படிந்திருந்தால் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். தட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் பிளாஸ்டிக்காக இருக்கலாம். துடைத்த பிறகு ஸ்லோ ஸ்பீடு ஏறியிருந்தால் பதறவேண்டாம். கரியோடு பழகிய கம்ப்யூட்டர் புதிய அளவைக் கற்றுக்கொள்ள வேண்டும். சில வண்டிகளுக்கு அதை ஸ்கேனரால் செய்ய வேண்டியிருக்கும்.

பிரேக் சுவிட்ச் என்ற ஒன்றை யாரும் நினைப்பதே இல்லை. பெடலுக்கு மேலே இருக்கும் இந்தச் சின்னப் பாகம் கெட்டு, எப்போதும் பிரேக் மிதித்திருப்பதாகச் சொன்னால், பல வண்டிகளில் கம்ப்யூட்டர் பவரை வெட்டிவிடும். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒரே நேரத்தில் அழுந்தினால் பிரேக்குக்குத்தான் மரியாதை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இருட்டியதும் சுவரை ஒட்டி வண்டியைப் பின்னால் நிறுத்தி, சுவரில் சிவப்பு வெளிச்சம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். கோடு பெரும்பாலும் பி0571.

8. டீசல் வண்டியானால்

பெட்ரோல்காரர்கள் இதைத் தாண்டிவிடலாம்.

பி0299 என்றால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவிலிருந்து வரும் காற்று போதவில்லை. டர்போவே போய்விட்டது என்று சொல்பவரை நம்புவதற்கு முன் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த குழாய்களைப் பாருங்கள். கிளிப் பக்கத்தில் எண்ணெய் ஈரம் இருந்தால் அங்கே காற்று கசிகிறது. ஓட்டும்போது பெடலை அழுத்தினால் ‘உஸ்’ என்று சத்தம் வருவதும் அதே அடையாளம். பி0087 என்றால் டீசல் அழுத்தம் குறைவு. ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று யோசியுங்கள்.

பிஎஸ்6 டீசலில் இன்னொரு சங்கடம், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப். சூடான நிலையில் கொஞ்ச நேரம் சீராக ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். கிண்டிக்கும் தியாகராய நகருக்கும் நடுவில் ஊர்ந்துகொண்டே இருக்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. டிபிஎஃப் விளக்கு முதன்முதலில் எரியும்போதே வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் இருபது நிமிடம் அறுபதுக்கு மேல் சீராக ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். லிம்ப் மோடுக்குப் போய், பி2463 கோடும் விழுந்த பிறகு இது பலிக்காது. பட்டறையில் ஸ்கேனர் வைத்துத்தான் எரிக்க வேண்டும்.

9. சக்கரப் பக்கம்

1-ஆம் படியில் சொன்ன நான்காவது வகை என்றாலோ, இன்ஜினில் கோடு எதுவும் இல்லாமல் ‘சி’ கோடு மட்டும் இருந்தாலோதான் இங்கே வர வேண்டும்.

செலவே இல்லாதவை முதலில். நான்கு டயரும் ஒரே அளவா? ஒன்று மட்டும் புதியது, மற்றது மொட்டையா? காற்று சரியா? பஞ்சருக்கு ஸ்டெப்னி மாட்டினீர்களா? அலாய் வீல் வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி சிறியது. சிறிய சக்கரம் வேகமாகச் சுழலும், அது வழுக்குவதாக டிராக்ஷன் கன்ட்ரோல் முடிவு கட்டிவிடலாம்.

அலைன்மென்ட் பார்த்த அன்றே விளக்கு எரிந்தால் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாருக்கு ‘நேர்’ எது என்பதில் குழப்பம். பாகம் எதுவும் வாங்க வேண்டாம். ஸ்கேனரால் மறுபடி பூஜ்யம் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து நேரலை அளவு. வண்டி குறைவான ஒரு சர்வீஸ் ரோட்டில், ஞாயிறு காலையில், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து போனை அவரிடம் கொடுங்கள். ஓட்டுபவர் போனைப் பார்க்கக் கூடாது. நேராக இருபதில் போகும்போது நான்கு சக்கர வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மெல்ல நிறுத்துங்கள். மற்ற மூன்றும் படிப்படியாக இறங்க, ஒன்று மட்டும் பத்திலோ எட்டிலோ பூஜ்யத்துக்கு விழுந்தால் அந்தச் சக்கரம்தான்.

அதற்கும் உடனே சென்சார் வாங்காதீர்கள். கழற்றி முனையைப் பாருங்கள். இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் துடைத்தாலே போதும். ஒயர் சக்கரத்தோடு திரும்பி வளையும் இடத்தில் அறுந்திருக்கலாம். சென்சாரின் ஓம் அளவைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது பழைய வகைக்குத்தான். இப்போதைய சென்சார்களில் உள்ளே சிப் இருக்கிறது, ஓம் அளவு எதையும் சொல்லாது.

வீல் பேரிங் மாற்றிய பிறகு வந்த கோளாறு என்றால் ஒரு தனிக் குறிப்பு. பல பேரிங்குகளில் ஒரு பக்கம் மட்டும் காந்த வளையம் இருக்கும். அது சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி அடித்துவிட்டால் பேரிங் நன்றாகவே சுழலும், சென்சாருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. எங்கள் குடியிருப்பில் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு புது சென்சார் வாங்கிய பிறகுதான் இது வெளியே வந்தது.

கடைசியாக, ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதன் பிரேக் கேலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஓடுகிறது.

10. சரிசெய்த பிறகு

இப்போதுதான் கோடை அழிக்க வேண்டும். அழித்ததும் விளக்கு அணைவதை வைத்துச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது, கோளாறு அப்படியே இருந்தாலும் கொஞ்ச நேரம் அணைந்திருக்கும். உங்கள் ஃப்ரீஸ் ஃபிரேமை எடுங்கள். எழுபது வேகத்தில், சூடான இன்ஜினில், ஏற்றத்தில் வந்த கோளாறு என்றால் அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். தெருவைச் சுற்றி வந்தால் போதாது. வீடு திரும்பியதும் நிலுவைக் கோடு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் காலியாகவே இருந்தால் நோட்டை மூடலாம்.

11. பட்டறைக்குப் போக வேண்டி வந்தால்

‘டிராக்ஷன் விளக்கு எரிகிறது’ என்று சொல்லி வண்டியை விடாதீர்கள். ‘பி0302 வருகிறது, காயிலை இடம் மாற்றிப் பார்த்தேன், கோடு நகரவில்லை, பேட்டரி 12.5’ என்று சொல்லுங்கள். பேச்சின் தொனியே மாறிவிடும்.

அழிப்பதற்கு முன் எல்லா மாட்யூலையும் படித்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மாட்யூல் மாற்ற வேண்டும் என்றால், அதற்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் அளந்தீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். புதுப்பேட்டையில் பழைய மாட்யூல் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் பல வண்டிகளில் அதை உங்கள் வண்டிக்கென்று புரோகிராம் செய்தாக வேண்டும், அதைச் செய்து தருபவர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகு காசைக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடைய பழைய காயில் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, பக்கவாட்டில் முடி அளவுக்கு ஒரு வெடிப்போடு.